ஹோம் எகனாமிக்ஸ்: மனையியலா, மனைப்பொருளியலா?

1950களில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் மதிப்பெண் அட்டையைத் தமிழில் பெயர்க்க முற்படுபவர், ஆங்கிலம், இயற்கணிதம், லத்தீன் ஆகிய வரிகளைத் தடையின்றிக் கடந்து, ‘ஹோம் எகனாமிக்ஸ்’ என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிடுவார். ‘வீட்டுப் பொருளாதாரம்’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதப் பழக்கும் ஒரு வகுப்பே படிப்பவர் மனத்தில் தோன்றும். உண்மையில் அந்த வகுப்பறையில் ஒரு பக்கம் அடுப்பும் கழுவுதொட்டியும் கொண்ட சிறு சமையலறைகளும், மறுபக்கம் தையல் இயந்திரங்களும் வரிசையாக இருந்தன. மாணவியர் அங்கே ஏப்ரன் தைத்தார்கள், மாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்து வெள்ளைச் சாஸ் காய்ச்சினார்கள், குழந்தை வளர்ப்பையும் ஊட்டச்சத்தையும் பாடமாகப் படித்தார்கள். வரவுசெலவுக் கணக்கு இவற்றுள் ஒரு பகுதி மட்டுமே. இத்தனையும் ‘எகனாமிக்ஸ்’ என்ற பெயருக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்தால்தான் தமிழில் எச்சொல் பொருந்தும் என்று முடிவு செய்ய இயலும்.

கிரேக்கத்தில் ‘ஓய்கோஸ்’ என்றால் வீடு. பகிர்தல், நிர்வகித்தல் என்னும் பொருளுடைய ‘நெமெய்ன்’ என்ற வினையின் வேர் அதனோடு சேர்ந்து ‘ஓய்கோனொமியா’ ஆயிற்று. வீட்டை நடத்துதல் என்பதே அதன் நேர்ப்பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் செனோபன் இப்பொருள் பற்றி எழுதிய உரையாடல் நூலில், இஸ்கோமகஸ் என்னும் நிலக்கிழார், பண்டங்களை இடமறிந்து வைப்பது முதல் பணியாளரை நடத்துவது வரை தம் இளம் மனைவிக்குக் கற்பித்ததை விவரிக்கிறார். வீட்டுக்குரிய இச்சொல் பிற்காலத்தில் நாட்டுக்கும் விரிந்தது. 1615இல் மோன்கிரெத்தியென் என்ற பிரெஞ்சுக்காரர் ‘அரசியல் பொருளாதாரம்’ என்ற தொடரை நூல் தலைப்பாகவே வைத்தார். நாட்டின் செல்வத்தைப் பற்றிய ஆய்வே அச்சொல்லின் முதற்பொருளாகிவிட்ட பிறகு, வீட்டைக் குறிக்க ‘வீடு’ என்ற அடைமொழியை மீண்டும் சேர்க்க வேண்டிவந்தது. ஆகவே ‘ஹோம் எகனாமிக்ஸ்’ என்ற தொடரில் வீடு இரண்டு முறை இருக்கிறது: ஒன்று வெளிப்படையாக, மற்றொன்று கிரேக்க வேரில் மறைவாக.

இத்தொடர் பள்ளிகளில் நிலைபெறுவதற்கு முன்பு வேறு பெயர்களும் போட்டியிட்டன. அமெரிக்கக் கல்வியாளர் கேத்தரின் பீச்சர் 1841இல் வெளியிட்ட பாடநூல் ‘டொமஸ்டிக் எகானமி’ என்ற பெயரைப் பரப்பியது. ‘டொமஸ்டிக் சயன்ஸ்’, ‘ஹவுஸ்ஹோல்ட் ஆர்ட்ஸ்’ என்பனவும் வழங்கின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணும் 1873இல் அங்கே பட்டம் பெற்றவருமான வேதியியலாளர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், 1892இல் இத்துறைக்கு ‘ஈகாலஜி’ என்ற பெயரை முன்வைத்தார். அதுவும் ‘ஓய்கோஸ்’ வழிவந்த சொல்லே. ஆனால் அப்பெயர் நிற்கவில்லை. 1899இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட்டில், நூலகப் பகுப்பு முறையால் அறியப்படும் மெல்வில் டூயியின் விடுதியில் கூடிய சிறு குழுவினர் ‘ஹோம் எகனாமிக்ஸ்’ என்பதைத் தேர்ந்தனர். பல்கலைக்கழகங்களில் ‘எகனாமிக்ஸ்’ என்ற சொல் அப்போதுதான் மதிப்புப் பெற்றுவந்தது. சமையலும் தையலும் வெறும் கைவேலையாக ஒதுக்கப்படாமல் ஓர் அறிவுத்துறையாக எண்ணப்பட வேண்டும் என்ற விருப்பம் இத்தேர்வில் தெரிகிறது. 1909இன் தொடக்கத்தில் இதே பெயரோடு அமெரிக்கச் சங்கம் அமைந்தபோது ரிச்சர்ட்ஸே அதன் முதல் தலைவரானார்.

பெயரை ஊர்தோறும் கொண்டுசேர்த்தது சட்டம். 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வேளாண்மை, தொழிற்கலைகள் ஆகியவற்றோடு ஹோம் எகனாமிக்ஸையும் ‘வொகேஷனல்’ கல்வியில் அடக்கிக் கூட்டரசின் நிதியை ஒதுக்கியது. ‘அழைத்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்து, முதலில் இறைவனின் அழைப்பையும் பிறகு பிழைப்புக்கான வேலையையும் குறித்த அச்சொல், இங்கே சம்பளமே இல்லாத ஒரு வேலையையும் தழுவிக்கொண்டது. இவ்விடத்தில் தமிழுக்கு இடர்ப்பாடு இல்லை. ‘தொழிற்பெயர்’ என்னும் இலக்கணக் குறியீட்டில் உள்ளதுபோல் ‘தொழில்’ என்பது அடிப்படையில் செயலைக் குறிப்பது. கூலி அதன் பொருளில் கட்டாயமில்லை. எனவே ‘தொழிற்கல்வி’ என்ற சொல்லுக்குள் வீட்டுவேலையும் இயல்பாக அடங்கும்.

அதே அட்டையில் காணப்படும் இரண்டு அண்டைச் சொற்களும் மொழிபெயர்ப்பவரை ஏமாற்றக்கூடியவை. பெண்கள் சமையலறை வகுப்புக்குச் சென்ற நேரத்தில் ஆண்பிள்ளைகள் சென்ற ‘ஷாப்’ கடையன்று. மரவேலையும் உலோகவேலையும் பழகும் பட்டறை. ‘லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ என்பது பிறமொழி வகுப்பன்று. ஆங்கிலத்தில் வாசிப்பும் எழுத்தும் பேச்சும் பயிலும் பாடம். பிரெஞ்சும் ஸ்பானியமும் தனிப் பாடங்கள். 1957இல் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணில் ஏறிய அதிர்ச்சியில் மறு ஆண்டே இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அறிவியலோடு சேர்த்து அம்மொழிகளுக்கும் நிதி அளித்தது.

தமிழில் இத்துறைக்கு இரண்டு பெயர்கள் வழக்கில் உள்ளன. இலங்கைப் பாடத்திட்டத்தில் ‘மனைப்பொருளியல்’, தமிழ்நாட்டில் ‘மனையியல்’. இது வெறும் வட்டார வேறுபாடன்று. இந்தியாவில் நிலைபெற்ற ஆங்கிலப் பெயர் ‘ஹோம் சயன்ஸ்’; மனையியல் அதன் வழி வந்தது. மனைப்பொருளியலோ ‘ஹோம் எகனாமிக்ஸ்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு. ‘பொருளியல்’ என்ற தமிழ்ச் சொல்லில் வீடு ஒளிந்திருக்கவில்லை என்பதால், மனையை முன்னே சேர்ப்பது ஆங்கிலத்தில்போல் கூறியது கூறலும் ஆகாது. அமைப்பளவில் மனைப்பொருளியலே ஒழுங்கான ஆக்கம். எனினும், அமெரிக்கப் பள்ளிப் பாடத்தைப் பற்றி எழுதும்போது நான் மனையியலையே எடுப்பேன். ஏப்ரனும் குழந்தை வளர்ப்பும் பொருளியலுக்குள் அடங்குவதைவிட ‘இயல்’ என்ற விரிந்த ஈற்றுக்குள் எளிதில் அடங்கும். லேக் பிளாசிட்டில் ‘எகனாமிக்ஸ்’ என்ற சொல்லுக்காக வாதாடியவர்களைப் பற்றி எழுதுகையில் மட்டும் மனைப்பொருளியல் தேவைப்படும்.

மனையியலுக்கும் குறைகள் உண்டு. இன்றைய பேச்சில் ‘மனை’ என்றதும் விற்பனைக்கு அளந்துவிடப்பட்ட நிலம்தான் நினைவுக்கு வருகிறது. மனையடி சாஸ்திரமும் அருகிலேயே நிற்கிறது. மேலும் மனையிலிருந்து ‘மனைவி’ பிறந்தாளே அன்றி அதற்கு இணையான ஆண்பாற் சொல் வழக்கில் இல்லை. ‘இல்லாள்’ வீட்டுத் தலைவியாக, ‘இல்லான்’ ஏதுமற்றவனாக நிற்பதும் இவ்வாறே. ‘ஓய்கோனொமியா’வுக்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் பழஞ்சொல் ஒன்று குறளில் இருக்கிறது:

நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த
இல்லாண்மை ஆக்கிக் கொளல்.

இல்லை ஆளும் தன்மை இல்லாண்மை. ஆனால் குடிசெயல்வகையில் வரும் இக்குறளில் அது தான் பிறந்த குடியை உயர்த்தி ஆள்வதைக் குறிக்கிறது; அடுப்படிக்கு அதை இழுத்துவருவது பொருந்தாது. அன்றியும் இன்றைய காதுக்கு ‘ஆண்மை’ ஆடவனையே ஒலிக்கும். அமெரிக்காவில் இப்பாடம் பெண்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்ட நிலையை கல்வியில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (டைட்டில் நைன்) மாற்றியது என்பதால், பால் சார்ந்த ஒலிப்பைத் தவிர்ப்பதே நல்லது. ‘ஹோம்மேக்கர்’ என்பதற்கு ‘இல்லத்தரசி’ என்று எழுதும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. மூலத்தில் அரசியும் இல்லை, பெண்பாலும் இல்லை. ‘இல்லம் பேணுநர்’ போதும்.

பெயர் அதன் பிறகும் மாறியது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹோம் எகனாமிக்ஸ் கல்லூரி 1969இல் ‘ஹியூமன் ஈகாலஜி’ கல்லூரி ஆயிற்று. 1892இல் ரிச்சர்ட்ஸ் முன்வைத்து நிலைக்காமற்போன சொல் வேறு உருவில் திரும்பி வந்தது. ரிச்சர்ட்ஸ் தலைமையில் தொடங்கிய அமெரிக்கச் சங்கமோ 1994இல் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்ற பெயருக்கு மாறி, ‘ஓய்கோஸ்’ வேரை முற்றிலும் விட்டுவிட்டது. கார்னெலின் பெயரை ‘மானுடச் சூழலியல்’ என்று பெயர்க்கலாம். ஆனால் பொருளியலும் சூழலியலும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை என்பது இந்தத் தமிழ்ச் சொற்களில் தெரியாது. அவ்வுறவைச் சொல்ல விரும்பும் மொழிபெயர்ப்பாளர் அதற்கென்று ஓர் அடிக்குறிப்பு எழுதத்தான் வேண்டும்.