மாஸ்டர் யார் பெயரில் இருக்கிறது?

போன மாதம் ஒரு தம்பி தன் குழுவோடு பதிவு செய்த ஐந்து பாட்டுக்கான அக்ரிமென்ட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஒன்பது பக்கம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அட்வான்ஸ் தொகை சரியா இருக்கா சார்?" ஏழாம் பக்கத்தில், ஒலிப்பதிவின் எல்லா உரிமையும் உலகம் முழுவதும் என்றென்றைக்கும் லேபிளுக்கே (பாட்டை வெளியிடும் கம்பெனிக்கே) என்று ஒரு வரி இருந்தது. இத்தனைக்கும் ஸ்டூடியோ வாடகையைக் கட்டியது அவர். ரசீதும் அவர் பெயரில்தான்.

இசைக் கலைஞர்களின் ஒப்பந்தங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். இந்த மாதிரி வரியைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொல்லும் கதை, அமெரிக்காவில் இரண்டு இசைக் கலைஞர்கள் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் என்ற லேபிளின் கதை. அந்தத் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன்.

நியூயார்க்கில் சார்லஸ் டாலிவர் டிரம்பெட் வாசிப்பவர், ஸ்டான்லி கவல் பியானோ. 1970-ல் தங்கள் 'மியூசிக் இன்க்' குழுவைப் பெரிய வாத்தியக் குழுவோடு சேர்த்து ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கம்பெனிகளிடம் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. சரி, நாமே போடுவோம் என்று 1971-ல் சொந்த லேபிள் தொடங்கினார்கள். டெட்ராய்ட்டில் கென்னி காக்ஸ் என்ற பியானோ கலைஞர் நடத்திய 'ஸ்ட்ராட்டா' நிறுவனத்தைப் பார்த்துப் பிறந்த எண்ணம் அது. நியூயார்க் கிழக்கே இருப்பதால் பெயர் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்.

அவர்கள் வைத்துக்கொண்ட முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வழக்கமான லேபிள் பதிவுச் செலவை முதலில் தான் போடும். அப்புறம் கலைஞரின் ராயல்டியிலிருந்து (விற்பனையில் அவருக்கு வரும் பங்கிலிருந்து) அதைக் கழித்துக்கொள்ளும். செலவு முழுக்கக் கழிந்த பிறகும் மாஸ்டர் டேப், அதாவது பிரதிகள் எல்லாம் எடுக்கப்படும் மூலப் பதிவு, லேபிளுடையதுதான். அடகு வைத்த நகைக்கு வட்டியும் முதலும் கட்டிவிட்டு, நகையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதைப் போல. ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்டில் கலைஞரே செலவு செய்து, முடித்த டேப்பைக் கொண்டுவருவார். லேபிள் அதைத் தன் பெயரில் வெளியிட்டுக் கடைகளுக்கு அனுப்பித் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் கலைஞருடையதாகவே இருக்கும்.

சாக்ஸபோன் கலைஞர் கிளிஃபர்ட் ஜோர்டன் அறுபதுகளின் கடைசியில் தன் பொறுப்பிலேயே பலரைப் பதிவு செய்து வைத்திருந்தார். அப்படி 1969-ல் பதிவான, ஃபேரோ சாண்டர்ஸ் என்ற சாக்ஸபோன் கலைஞரின் 'இஸிஃபோ ஸாம்' ஆல்பம் 1973-ல் இந்த லேபிள் வழியாகத்தான் வெளியே வந்தது. நாலு வருஷம் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், டேப் யாருடைய கிடங்கிலும் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான்.

அதிகம் விற்றது 1974-ல் வந்த பாடகர் கில் ஸ்காட்-ஹெரான், இசைக் கலைஞர் பிரையன் ஜாக்சன் இருவரின் ஆல்பம், 'விண்டர் இன் அமெரிக்கா'. மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் பதிவு செய்தார்கள். இருவரும் சேர்ந்து நிற்க முடியாத அளவுக்குச் சின்ன ஸ்டூடியோ. சில பாட்டுகளுக்கு ஜாக்சன் வெளியே தண்ணீர்க் கூலர் இருந்த வராந்தாவில் நின்று புல்லாங்குழல் வாசித்தார். அதில் உள்ள 'தி பாட்டில்' பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்த பதிவு, ஆனால் ஓர் இடத்தில்கூட இசை இளைத்துத் தெரியாது.

இந்த வழி சுலபமானதும் இல்லை. பாட்டு ஓடினால் உடனே இசைத்தட்டை மறுபடி அச்சிடப் பணம் வேண்டும். கடைகளிலிருந்து பணம் திரும்பி வருவதோ மெதுவாக. ஸ்காட்-ஹெரானின் அடுத்த ஆல்பம் 1975-ல் அரிஸ்டா என்ற பெரிய கம்பெனியில் வந்தது. எழுபதுகள் முடிவதற்குள் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்டின் வேகமும் தணிந்துவிட்டது. ஆனாலும் ஐம்பதுக்கு மேல் ஆல்பங்கள் நிற்கின்றன. கவல் 2020-ல் காலமானார். 2025-ல் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட், மேக் அவென்யூ என்ற இசை நிறுவனத்தோடு சேர்ந்து அந்தப் பழைய பதிவுகளை மறுபடி வெளியிடத் தொடங்கியது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மாஸ்டர் அவரவரிடம் இருந்தால், மறுவெளியீட்டுக்கு அவரவரைக் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசுகளை. எனவே உரிமை உங்களிடம் இருந்தால் மட்டும் போதாது, அது உங்களுடையது என்று காட்டும் தாளும் இருக்க வேண்டும்.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவை முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுச் செய்தவரே அதன் தயாரிப்பாளர். ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு 60 ஆண்டு. ஸ்டூடியோ ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்கிறது. 'என்றென்றைக்கும்', 'உலகம் முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. பலரும் அட்வான்ஸ் தொகை இருக்கும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

தம்பியின் ஏழாம் பக்கத்தை மாற்றி எழுதினோம். உரிமை அவரிடமே இருக்கும், லேபிளுக்கு ஏழு வருஷ உரிமம் மட்டும். அட்வான்ஸைக் கொஞ்சம் குறைத்தார்கள், அவர் சம்மதித்தார். பதிவு இருக்கும் ஹார்ட் டிஸ்கை இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்று அவரிடம் இருக்கிறது. இன்னொன்று, ஸ்டூடியோ ரசீதோடு, அவர் அக்கா வீட்டு பீரோவில்.