பேரிடர் நிவாரணம்: உதவி எப்படி வந்து சேர்கிறது, நாம் என்ன செய்யலாம்?

நிலநடுக்கம் வந்த முதல் சில மணி நேரத்தில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஆட்களை வெளியே இழுப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான். மீட்புக் குழுக்கள், மருத்துவர்கள், டேங்கர்கள் எல்லாம் அதற்கப்புறம்தான் வந்து சேரும்.

பாதிக்கப்பட்டவர்களைக் காப்பது முதலில் அந்தந்த நாட்டு அரசின் பொறுப்பு. 1991-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம் இதைச் சொல்கிறது. வெளி உதவி அந்த நாட்டின் சம்மதத்தோடு வர வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. நன்கொடை சேரும்வரை பசி காத்திருக்காது. அதனால் 2006 முதல் மத்திய அவசரகால நிதி என்று ஒன்றை ஐ.நா. முன்கூட்டியே திரட்டி வைத்திருக்கிறது. பணம் முதலில் அதிலிருந்து போகும். பொதுமக்கள் தருவது பின்னால் வந்து சேரும்.

யாருக்கு முதலில்? தேவை யாருக்கு அதிகமோ அவர்களுக்கு. இனம், மதம், கட்சி எதையும் பார்க்கக் கூடாது. முகாமில் இருப்பவர் கையேந்தி நிற்பவர் அல்ல, அவருக்கு இது உரிமை. எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. 1997-இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து தொடங்கிய 'ஸ்பியர்' வரையறைப்படி, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. தங்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். இரண்டு பாய் விரித்தால் அந்த இடம் முடிந்துவிடும். இதுகூடக் கிடைக்காத முகாம்கள் இருக்கின்றன என்பதுதான் வேதனை.

சரி, நாம் என்ன செய்யலாம்? பணமாகக் கொடுங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். நிவாரணக் கிடங்கில் ஒரு நாள் மூட்டை பிரித்திருக்கிறேன். ஈரம் காயாத துணி, ஒற்றைச் செருப்பு, தேதி முடிந்த இருமல் மருந்து. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அதைப் பிரிக்கப் பத்துப் பேர் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். பால் பவுடர் ஏற்றிய லாரி இறக்க இடமில்லாமல் வெளியே நின்றது. பணம் என்றால் தேவையானதைப் பக்கத்திலேயே வாங்கலாம். பாதிக்கப்பட்டவர் கையிலேயே கொடுத்தால், சானிட்டரி நாப்கினா பிள்ளைக்கு மருந்தா என்று அவரே முடிவு செய்வார், அங்குள்ள கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். பொருள்தான் கொடுப்பேன் என்றால், அங்கே வேலை செய்பவர்கள் கேட்கிற பட்டியலைப் பார்த்துப் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் கோடுக்கு அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். பேரிடர் நேரத்தில் மோசடிக் கணக்குகளும் முளைக்கும். அமைப்பின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, ரசீது தருகிறார்களா, தணிக்கை அறிக்கை வெளியிடுகிறார்களா என்று பாருங்கள்.

நேரில் போக ஆசையா? இப்போதே ஒரு அமைப்பில் பதிந்து முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாமல் போய் இறங்கினால் உங்களுக்கும் சேர்த்து அங்கே சோறும் இடமும் தேட வேண்டியிருக்கும். ரத்தம் கொடுக்கிறவர்கள் செய்தி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சிவப்பணுக்களைச் சுமார் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால் கொஞ்சம் வீணாகிவிடும்.

முடிந்தால் சிறு தொகையை மாதாமாதம் அனுப்புங்கள். டிவியில் செய்தி நின்று பல வாரம் ஆன பிறகும் அந்த முகாமுக்குத் தினமும் டேங்கர் போக வேண்டும், டீசல் போட வேண்டும்.