மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள்

2024 ஜனவரியில் பெலால் புயல் மொரீஷியஸைக் கடந்து இரண்டு வாரம் ஆகியிருந்த ஒரு காலையில், டெங்குக் காய்ச்சல் கண்ட ஒரு மூதாட்டியின் வீட்டைப் பார்க்கச் சுகாதார ஊழியர்களுடன் ரோஸ் ஹில்லுக்குச் சென்றிருந்தேன். முற்றம் பெருக்கித் துடைத்ததுபோல் இருந்தது. துளசி மாடத்தைச் சுற்றி ஒரு சொட்டு நீர் இல்லை. பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளில்கூட மணல் நிரப்பியிருந்தார். "புகை அடிக்க எப்போது வருவீர்கள், டாக்டர்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மேலே போய்ப் பார்க்கலாமா என்றேன். "மகன் வெளிநாடு போன பிறகு அங்கே யார் ஏறுகிறார்கள்? என் முழங்கால் ஏறாது" என்றார்.

மேலே, மகனுக்காக என்றோ கட்டவிருந்த மாடிக்கு விட்டுவைத்த இரும்புக் கம்பிகள் துருவேறி நின்றன. மழைநீர்க் குழாயின் வாயை மாவிலைகள் அடைத்திருந்தன. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடந்த பெயின்ட் வாளியில் நான்கு விரற்கடை நீர். வாளியை விரலால் தட்டியதும் கொசுப்புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கின. கீழே முற்றத்தில் அவர் காட்டிய அத்தனை கவனமும் தலைக்கு மேலிருந்த அந்த ஒரு வாளியிடம் தோற்றுப்போயிருந்தது.

நாம் 'தால்' என்று கிரியோலில் சொல்லும் இந்தத் தட்டையான கான்கிரீட் தளம் நம் ஊருக்கு வந்ததே வானிலையால்தான். 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயலும், பிப்ரவரியில் அதனினும் கொடிய கரோல் புயலும் ஓலைக் கூரைகளையும் தகரக் கூரைகளையும் பிய்த்தெறிந்த பிறகே, கடன்பட்டாவது கான்கிரீட் வீடு கட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் தீவெங்கும் வேரூன்றியது. புயலுக்கு எதிராக அது சரியான முடிவு. எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கிறது. ஆனால் ஓர் இடரைத் தடுக்க நாம் கட்டிய ஒன்று வேறோர் இடருக்கு இடம் கொடுத்துவிடலாம் என்பதை இந்தத் தளத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மலேரியா ஒழிந்த நாடு என்று 1973-இல் உலகச் சுகாதார நிறுவனம் மொரீஷியஸுக்குச் சான்றளித்தது. இரண்டே ஆண்டுகளில், 1975 பிப்ரவரியில், ஜெர்வேஸ் புயல் வந்தது. சேதமடைந்த கட்டடங்களை மீண்டும் எழுப்ப வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தபோது, சிலரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியும் கூடவே வந்தது. வெயில் படும் ஆழமற்ற நீரை விரும்பும் அனாபிலிஸ் கொசுவுக்கோ நம் தட்டைத் தளங்கள் வசதியாக அமைந்தன. 1982-இல் அறுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 1998 முதல் உள்ளூர்த் தொற்று இல்லையென்றால், மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வரும் பயணிகளை விமான நிலையத்திலேயே குறித்துக்கொண்டு, வீடுவரை சென்று இரத்தப் பரிசோதனை செய்யும் ஊழியர்களே அதற்குப் பெருங்காரணம். வீட்டுக் கதவைத் தட்டும் அவர்களிடம் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது வேறு கொசு. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் வரிப்புலிக் கொசு திறந்த குட்டையைவிட நிழலில் உள்ள சிறு கலன்களையே நாடுகிறது. ஒரு மூடி அளவு நீர் அதற்குப் போதும். அதன் முட்டை வறட்சியில் மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வெப்பம் கூடும்போது புழு விரைவில் கொசுவாகிறது. கொசுவின் உடலுக்குள் வைரஸும் விரைவில் முதிர்கிறது. கடுமழை, அதைத் தொடர்ந்து வெப்பம் என்று வரும் கோடைகள் இதற்கு எப்படித் துணைபோகின்றன என்பதை அண்டைத் தீவான ரெயூனியனில் கண்டோம்: 2005-06-இல் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா, 2025-இல் மீண்டும் 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். அந்த ஆண்டு அது நம்மையும் விட்டுவைக்கவில்லை.

புகை அடிப்பது பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். மக்கள் அதைக் கேட்பதற்கு அது கண்ணுக்குத் தெரிகிறது, மூக்கில் ஏறுகிறது என்பதே காரணம் என்று பல வேளைகளில் எனக்குத் தோன்றும். வாளியில் உள்ள புழுவைப் புகை தொடாது. வாரம் ஒருமுறை ஒருவர் மேலே ஏறி, குழாய் வாயைத் திறந்துவிட்டு, கலன்களைக் கவிழ்த்துவிட்டால் போதும். முதியவர்கள் தனித்து வாழும் வீடுகளுக்கு அதைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்பதே உண்மையான சிக்கல். கோயில் சங்கங்களின் இளைஞர்கள் மனம்வைத்தால் அது தீரும்.

கான்கிரீட் தளத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிக்கொண்டு இரவில் அது வெப்பத்தைக் கீழே விடுகிறது. போர்ட் லூயியில், தளத்தின் நேர்கீழ் அறையில், புயல் பயத்தால் சன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்கும் முதியவர்களின் உடலுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெப்பம் கணிசமாகக் குறையும். நீர்க்கசிவுக்காக எப்படியும் பூச்சு அடிப்பவர்கள் கருநிறத்தைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்த நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்பதால், வெப்பம் எங்களுக்கு வெறும் வானிலைச் செய்தி அன்று. தென் அரைக்கோளத்தில் உள்ள நம் தீவில் தைப்பூசக் காவடி கோடையின் உச்சத்தில் வருகிறது. விரதமிருந்து, சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்து வந்தவர்களின் பாதங்களுக்கு மறுநாள் கட்டுப் போட்டிருக்கிறேன். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் கொப்புளம் எழுந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நேர்த்திக்கடனை விடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் இன்சுலினோ நீர் பிரியச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் ஊர்வலத்தைத் தொடங்குவது, சாலையில் நீர் தெளித்துக்கொண்டே இருப்பது ஆகியவை கோயில்கள் எளிதில் செய்யக்கூடியவை.

காவடி நாட்களில் காய்ச்சல் வந்தால் விரதக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக எடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ரோஸ் ஹில் மூதாட்டி நலமடைந்தார். அடுத்த நவம்பரில், மழைக்காலத் தொடக்கத்தில், அவர் வீட்டுக்குச் சென்றபோது பக்கத்து வீட்டுப் பையன் ஏணியுடன் மேலே நின்றிருந்தான். பெயின்ட் வாளியை மட்டும் தூக்கிப்போட அவர் விடவில்லையாம். அடியில் மூன்று துளையிட்டு, கறிவேப்பிலைக் கன்று நட்டு வைத்திருந்தார்.