எருக்கம்பால் பட்ட கண் வலிக்காது, அதனால்தான் பயப்பட வேண்டும்

பூக்களைப் பறித்துப் புத்தகத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, வாழ்த்து அட்டையோ புக்மார்க்கோ செய்து வரச் சொல்வது இப்போது பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. நல்ல வேலைதான். செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு குழந்தை அரை மணி நேரம் ஒரு பூவின் இதழைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் மருத்துவரான எனக்குச் சந்தோஷமே. ஆனால் எந்தப் பூ என்று பெரியவர்கள் யாரும் பார்ப்பதில்லை. விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய இந்தச் சில வாரங்களில் மட்டும் எருக்கம்பால் பட்ட கண்ணோடு என்னிடம் வந்தவர்களில் மூன்றாவது குழந்தையைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டு வயதுச் சிறுமி. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் எருக்கம்பூ பறித்திருக்கிறாள். கிரீடம் மாதிரி அழகான பூ, எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். ஆனால் அது சதைப்பற்றான பூ, புத்தகத்துக்குள் தட்டையாக உட்காராது. அதனால் கட்டை விரலால் வைத்து நசுக்கியிருக்கிறாள். பால் தெறித்து வலது கண்ணில் பட்டது. அம்மா வந்து பார்த்தபோது லேசான சிவப்பு மட்டும்தான். "வலிக்குதா?" "இல்லம்மா." சரி, தூங்கி எழுந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை டிவி பார்க்க உட்கார்ந்தவள், படமெல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றிருக்கிறாள். என்னிடம் வந்தது திங்கட்கிழமை மதியம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கிய தாய்ப்பால் இரண்டு தடவை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து நாலு தடவை.

பார்வை பரிசோதிக்கும் அட்டையில் மேல் வரி எழுத்தைத் தவிர எதுவும் அவளால் படிக்க முடியவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் வைத்துப் பார்த்தால், கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கருவிழி, வாயால் ஊதிய கண்ணாடி போல மங்கிக் கிடக்கிறது, அதன் உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாக மடிப்புகள். அப்போதும் அந்தப் பிள்ளைக்கு வலியே இல்லை.

இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் தூசி விழுந்தால் துடிக்கிறோம், சோப்பு பட்டால் கத்துகிறோம், அதனால் வலிதான் அபாயத்தின் அளவு என்று மனதில் பதிந்துவிட்டது. எருக்கம்பாலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்தப் பாலுக்கே மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. தவிர, அது கெடுப்பது கருவிழியின் மேல்தோலை மட்டும் அல்ல. உள்பக்கம் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்களைத் தாக்குகிறது. கருவிழிக்குள் தண்ணீர் தேங்காமல் இறைத்துக்கொண்டே இருப்பது அந்தச் செல்கள்தான். அவை வேலையை நிறுத்தினால் கருவிழி ஊறி வீங்கி மங்கிவிடும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். ஆகவே வலி இல்லை, சிவப்பு அதிகம் இல்லை, அன்றைக்குப் பார்வையும் நன்றாகத்தான் இருந்தது என்பதெல்லாம் எனக்கு ஆறுதல் தருகிற செய்திகளே இல்லை. எருக்கம்பால் பட்டது என்றால் பட்டதுதான்.

"எருக்கு மருந்துச் செடிதானே டாக்டர், முள் குத்தினால் எங்க அப்பா அந்தப் பாலைத்தான் விடுவார்" என்றார் அந்தச் சிறுமியின் தாத்தா. பாதத்துத் தோலும் கருவிழியும் ஒன்றா? கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம் கனம்தான், ஐயா.

தாய்ப்பால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசத்தோடு செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கண்ணுக்குள் போன நஞ்சை நாலு சொட்டுப் பால் வெளியேற்றாது. விளக்கெண்ணெயும் வெளியேற்றாது. அதை வெளியேற்றுவது தண்ணீர் மட்டும்தான், அதுவும் அந்த நிமிடமே.

குழந்தையின் தலையைப் பட்ட கண் கீழே வரும்படி சாயுங்கள், இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் ஓடும். உங்கள் கையை முதலில் கழுவிக்கொள்ளுங்கள். இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குடிக்கிற தண்ணீரோ சுத்தமான குழாய்த் தண்ணீரோ மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். கால் மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குழந்தை அழும், திமிறும், பரவாயில்லை, விடாதீர்கள். சலைன் தேடி அலைய வேண்டாம். கழுவி முடித்ததும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு வாருங்கள், என்ன செடி என்பதையும் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எந்தச் சொட்டு மருந்தும் போடாதீர்கள். இதற்கு நாங்களும் ஸ்டீராய்டு சொட்டு தருவோம்தான், ஆனால் கருவிழியில் புண் இருக்கிறதா, கண் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தருவோம்.

கள்ளிப்பால் வேறு கதை. அது பட்டால் எரிச்சல் தாங்காது, அதனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஊமத்தை இன்னொரு விதம். அதைக் கசக்கிய விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாப்பா, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், மட்டும் விரிந்துபோகும். ஊட்டி, கொடைக்கானலில் தலைகீழாகத் தொங்குமே பெரிய ஊமத்தைப்பூ, அதுவும் இப்படித்தான். மூளையில் ஏதோ என்று பயந்து தலைக்கு சிடி ஸ்கேன் வரை போன பிறகு, "தோட்டத்தில் என்ன பறித்தாய்?" என்ற ஒரு கேள்வியில் விஷயம் தெரியவரும். கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்ற வேண்டும்.

அரளி, பொன்னரளி, செங்காந்தள் மூன்றும் வாய்க்குள் போனால் ஆபத்து. செங்காந்தள் நம் மாநில மலர்தான், அழுத்தி வைத்தால் அழகாகவும் இருக்கும். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வேறு பூவா இல்லை? சங்குப்பூ காகிதம் போலக் காயும். காகிதப்பூ பாதி காய்ந்த மாதிரியேதான் இருக்கும், கிளையில் முள் மட்டும் கவனம். டிசம்பர் பூ, கனகாம்பரம், தனித்தனியாகப் பிரித்த செம்பருத்தி இதழ், எல்லாமே ஈரம் குறைந்தவை அல்லது மெல்லியவை. நியூஸ்பேப்பர் மடிப்புக்குள் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் தயார். பறிக்கும்போது காம்பைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வந்தால் அந்தச் செடியையே விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், அதுவரை கண்ணைத் தொடக் கூடாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். அந்த உடனடியாக ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம், இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிறுமிக்கு ஒன்பதாம் நாள் கருவிழி தெளிந்துவிட்டது, கடைசிக்கு முந்தின வரி வரை படித்தாள். அம்மா அழுதேவிட்டார். ஆனால் அந்த உள்வரிசைச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது, இருப்பவைதான் விரிந்து அந்த இடத்தை நிரப்பும். எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.