"அப்புறம்" என்றால் எப்போது?

"இவனுக்குப் பொறுமையே கிடையாது, எதுவும் அந்த நிமிடமே வேண்டும்." குழந்தைகள் மனநல ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இது. செல்போன்தான் கெடுத்துவிட்டது என்று அடுத்ததாகச் சொல்வார்கள். செல்போனுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. கடைசியாக எதற்கு "அப்புறம்" என்று குழந்தையிடம் சொன்னீர்கள்? அந்த அப்புறம் வந்ததா? பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய மிட்டாய்ச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மிட்டாய் எதிரில் இருக்கும். அதை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகளே பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்ற செய்தியைப் பெற்றோர் கூட்டங்களில் இன்றும் சொல்கிறார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டதைக் கண்டார்கள். இந்தப் பகுதியை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2013இல் வெளியான ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு. 28 குழந்தைகள்தான், சிறிய ஆய்வு. மிட்டாயைக் காட்டும் முன் அவர்களைப் படம் வரைய உட்காரவைத்து, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான்கள் கொண்டுவருகிறேன்" என்றார் ஆய்வாளர். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறும் கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லை" என்றார். ஸ்டிக்கர் விஷயத்திலும் அப்படியே. பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழுதாக 15 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் காத்திருந்தது. மற்றவர்களைப் பொறுமையற்றவர்கள் என்பதா? கையில் இருப்பதும் போய்விடும் என்று சரியாகக் கணித்தவர்கள் என்பேன்.

நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். ஊசி வலிக்கவே வலிக்காது என்கிறோம். பட்டப்பகலில் கடை மூடிவிட்டது என்கிறோம். அழுகையை நிறுத்த, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிறன்று உறவினர் வீட்டுக்குக் கிளம்புகிறோம். நாம் மறந்துவிடுகிறோம், பிள்ளை மறப்பதில்லை. முடியாதென்றால் முடியாது என்றே சொல்லிவிடலாம். அழுவான், அழட்டும். அந்த அழுகை பொய் வாக்கைவிடக் குறைந்த சேதம்தான்.

மழலையர் வகுப்புக் குழந்தைக்கு "நாளைக்கு", "அரை மணி நேரம்" எல்லாம் பிடிபடாது. "இந்த இட்லியைச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகு" என்றால் புரியும். கண்ணுக்குத் தெரியும் காத்திருப்பில் தொடங்கி, சொன்னதைச் சொன்னபடி செய்து, மெல்ல நேரத்தை நீட்டலாம்.

தன்மேல் நம்பிக்கை வருவதும் இதே வழியில்தான். "நீ புத்திசாலி" என்று நாள்தோறும் சொன்னால் வந்துவிடும் என்பது பலரின் எண்ணம். 1998இல் மியூலர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அடுத்து எளிய புதிர்களையே தேர்ந்தெடுத்தார்கள். கிடைத்த பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! உழைப்பைப் புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர், தப்பு வந்தாலும் புதிதாகக் கற்றுத்தரும் புதிர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே, "மூன்றாவது வரியில் தப்பைக் கண்டுபிடித்து நீயே திருத்தினாய்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு அம்மா வரைந்து முடிக்கும் சார்ட்டுக்குப் பள்ளியில் பாராட்டு கிடைக்கலாம். அது யாருடையது என்று பிள்ளைக்குத் தெரியும். கோணலாக இருந்தாலும் அவன் வரைந்ததே பள்ளிக்குப் போகட்டும். "நம் குடும்பத்தில் யாருக்குமே கணக்கு வராது" என்ற பேச்சைப் பெரியவர்கள் இன்றோடு விட்டுவிடலாம்.

எல்லாமே வளர்ப்பு சார்ந்ததும் அல்ல. வயதுக்கு மீறிய அவசரமும் கவனச்சிதறலும் வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ADHD) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். வரும்போது வகுப்பு ஆசிரியர் கவனித்ததை எழுதி வாங்கி வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.