‘சொல்லக்கூடிய ஆள்தான்’ என்பது ஆதாரம் ஆகாது

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ஓரத்தில் ஓர் அரசியல் விமர்சகரின் முகம், நடுவில் பெண்களின் இடம் அடுப்படிதான் என்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு வரி, அடியில் அவர் பெயர். தேதி இருக்காது. எந்தப் பேட்டி, எந்தக் கூட்டம் என்றும் இருக்காது. சிங்கப்பூரில், நூலகத் தகவல் மேசையில் என்னிடம் வரும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பலர், விவாதப் போட்டிக்கு இந்த மாதிரிப் படத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். எங்கே சொன்னார் என்று கேட்டால், “அவர் சொல்லக்கூடிய ஆள்தான் அக்கா” என்பதே பதில்.

ஒருவரின் போக்கு நமக்குத் தெரியும் என்பதற்காக, அவர் பெயரில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறோம். கோபம் வந்துவிட்டால் சரிபார்க்கத் தோன்றுவதே இல்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகரும் அரசியல் விமர்சகருமான பேட் ராபர்ட்சன் பெயரில் ஒரு மேற்கோள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றுகிறது. கணவரை விட்டுப் போகவும், பிள்ளைகளைக் கொல்லவும், சூனியம் பழகவும், முதலாளித்துவத்தை அழிக்கவும் பெண்ணியம் பெண்களைத் தூண்டுகிறது என்று போகும் அது. முதல்முறை படிப்பவர்கள், யாரோ கட்டிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இல்லை, வார்த்தைகள் உண்மையானவை. ஆனால் பலரும் சொல்வதுபோல 1992 குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் அவர் இதைப் பேசவில்லை. மாநாட்டில் அவர் உரையாற்றியது நிஜம்தான். இந்த வரி அந்த உரையில் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆண்-பெண் சம உரிமைச் சட்டத்திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்க்க நிதி கேட்டு அவர் பெயரில் போன கடிதத்தில் இருந்த வரி இது.

இடம் மாறினால் என்ன என்று கேட்கலாம். எதிரணி மாணவர் மாநாட்டு உரையைத் திறந்து, “இதில் அப்படி எதுவும் இல்லையே” என்றால் போதும், உண்மையான கடிதமும் சேர்ந்து பொய்யாகத் தெரியும். அதைவிட முக்கியம், ஒரு சட்டத்தைத் தோற்கடிக்கப் பணம் திரட்ட எழுதப்பட்ட வரி என்ற விவரமே காணாமல் போகிறது. எனக்கு அந்த வார்த்தைகளைவிட இந்த விவரம்தான் அதிகம் சொல்கிறது.

அமெரிக்க வலதுசாரி விமர்சகர் ஆன் கோல்ட்டர் 2007இல் நியூயார்க் அப்சர்வர் இதழின் பேட்டியில், பெண்களின் வாக்குரிமையைப் பறித்துவிட்டால் ஜனநாயகக் கட்சி அதிபர் வருவார் என்ற கவலையே இருக்காது என்றார். அது தன் சொந்தப் பகற்கனவு, நடக்கப்போவதில்லை என்று அவர் கூடவே சொன்னதை, பகிர்பவர்கள் வெட்டிவிடுகிறார்கள். அதனால் அவர் கருத்து நியாயமாகிவிடாது. ஆனால் வெட்டிப் போட்டால், பேச்சு பெண்களின் உரிமையை விட்டுவிட்டு யார் வெட்டினார்கள் என்பதற்குப் போய்விடும்.

சரி, எப்படித் தேடுவது? தமிழில் வரி எழுதிய படத்தை வைத்து அமெரிக்கரின் பேச்சைத் தேடிப் பயனில்லை. முதலில் ஆங்கில வரியைக் கண்டுபிடியுங்கள். அதில் வழக்கமாகச் சேர்ந்து வராத ஐந்தாறு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். வரும் பக்கங்களில் ஆகப் பழையது எது என்று பாருங்கள். பேட்டி என்றால் கேட்கப்பட்ட கேள்வியிலிருந்து படிக்க வேண்டும், பதிலிலிருந்து அல்ல. பெயரை மட்டும் போட்டு, தேதி தராத பொன்மொழித் தளங்களை நான் ஆதாரமாக எடுப்பதே இல்லை. புகைப்படம் அசல் என்று தெரிந்தாலும் அதிலுள்ள வாசகம் அசலாகிவிடாது.

உள்ளூர் விஷயத்துக்கும் இதே வழிதான். 1983 தேசிய தினப் பேரணி உரையில் பட்டதாரிப் பெண்களின் திருமணம் பற்றி அன்றைய பிரதமர் லீ குவான் யூ பேசியதை இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அன்றைய நாளிதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கேயே கிடைக்கும்.

அப்புறம், குடும்பக் குழுவில் பெரியம்மா இப்படி ஒன்றை அனுப்பினால், எல்லார் முன்னாலும் ‘பொய்’ என்று போடாதீர்கள். “பெரியம்மா, இது எந்தப் பேட்டியில் வந்தது?” என்று கேளுங்கள். தேடிக் கிடைத்த இணைப்பை அதே குழுவில் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் மேசைக்கு வாருங்கள், சேர்ந்து தேடலாம்.