அடித்தால் அடங்குமா?

அக்காவின் நோட்டில் கிறுக்கிய ஐந்து வயதுச் சிறுவனின் முதுகில் பளீரென்று ஓர் அடி விழுகிறது. பென்சில் உருண்டோடுகிறது, கிறுக்கலும் அந்த நொடியே நிற்கிறது. மறுநாள் அவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அதே நோட்டில் கிறுக்குவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உடனே பலன் தரும் செயலை மனிதர் திரும்பத் திரும்பச் செய்வர் என்பது உளவியலில் நெடுநாளாக அறியப்பட்ட விதி. அந்த விதி இங்கே அடித்தவர் மீதுதான் வேலை செய்கிறது.

அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் அதிகம் என்று சொன்னால், முரடாக இருப்பதால்தானே அடி விழுகிறது என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கச் சமூகவியலாளர் முர்ரே ஸ்ட்ராஸும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளின் தாய்மார் 807 பேர், அந்த வாரத்தில் பிள்ளையை எத்தனை முறை அடித்தார்கள், பிள்ளை பொய் சொல்கிறதா, பொருள்களை வேண்டுமென்றே உடைக்கிறதா என்றெல்லாம் சொன்ன விடைகள் பதிவாயின. 2 ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளின் நடத்தை மீண்டும் அளக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரே அளவு முரண்டு பிடித்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, அதிகம் அடி வாங்கியவர்களிடம்தான் பின்னாளில் முரட்டுத்தனம் கூடியிருந்தது.

அமெரிக்க ஆய்வாளர்கள் கெர்ஷாஃபும் க்ரோகன்-கேலரும் 2016இல் பிள்ளைகளை அடிப்பது பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகளின் தரவுகளை அலசினர். அடியோடு தொடர்புண்டா என்று பார்த்த 17 விளைவுகளில் 13 கெடுதலின் பக்கமே தெளிவாகச் சாய்ந்தன. இத்தொடர்புகள் சிறியவை என்றும், அடிக்காமல் தரும் தண்டனைகளையும் இப்படியே அளந்தால் அவையும் கெட்டவையாகத் தெரியும் என்றும் உளவியலாளர் ராபர்ட் லார்ஸலேர் போன்றோர் மறுக்கின்றனர். அளவு சிறியது என்பது உண்மையே. ஆயினும் நன்மை என்று சொல்லத்தக்கது ஒன்றும் அந்தத் தொகுப்பில் தென்படாதபோது, கெடுதல் சிறியது என்பது மட்டும் ஒரு குழந்தையின் மேல் கையோங்குவதற்குப் போதிய நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன்.

"நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்ற பேச்சுக்கும் ஆய்வில் ஓரளவு இடமுண்டு. இந்தியா, சீனா, கென்யா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இத்தாலி ஆகிய 6 நாடுகளில் உளவியலாளர் ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டு குழுவினர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், அடிப்பது ஊர் வழக்கமாக இருந்த இடங்களில் அதனோடு சேர்ந்துவரும் கெடுதல் குறைவாகவே தெரிந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று எண்ணும் பிள்ளை, தன்னை மட்டும் வெறுத்து ஒதுக்குகிறார்கள் என்று நினைப்பதில்லை போலும். ஆனால் அந்த 6 நாடுகளிலும், அடி கூடக் கூடப் பிள்ளைகளிடம் சண்டைக்குணமும் பதற்றமும் கூடியே காணப்பட்டன.